கூட்டம் எங்கே என்று கேட்டுத் திரிந்த பதினோரு நாள்

1. பத்து மூட்டை

புதுச்சேரிக் கடற்கரையில் படகில் ஏறும் கடலை மூட்டைகளை எண்ணி எழுதுவது என் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், வேலையில் சேர்ந்த ஒன்பதாவது வருஷம், ஒரு படகுக்குப் பத்து மூட்டை அதிகமாக எழுதிவிட்டேன். வெள்ளைக்காரக் கம்பெனிக்காக எங்களை மேய்க்கும் துபாஷ் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னாய்யா, பத்து மூட்டைய மீனுக்குப் போட்டியா? கிட்ட வராத, அங்கியே நில்லு. காலைலயே சாராய நாத்தம். இன்னொரு வாட்டி எண்ணிக்கை தப்புச்சு, வூட்லயே குந்திக்க."

வீட்டில் நாங்கள் ஆறு பேர். வேலைக்குப் போகிறவன் நான் ஒருவன்.

மீன்கார அஞ்சலை சொன்னதாக என் மனைவி ஒரு சேதி சொன்னாள். "குடிய வுட்டவங்க நாலஞ்சு பேரு சாயங்காலமானா ஒண்ணா குந்துறாங்களாம். கடைக்குப் போவாம ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறாங்களாம். நீங்களும் போங்களேன்."

எந்த இடம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அஞ்சலையின் வாய்க்குப் பயந்து நான் அவளிடம் கேட்கவில்லை.

2. மூன்று தப்பான இடம்

குடி என்ற சொல்லை வெளியில் சொல்லக் கூச்சம். துபாஷ் காதுக்குப் போய்விடுமோ என்ற கவலை வேறு. ஆகவே, "சாயங்காலம் கூட்டம் நடக்குதாமே, எங்க?" என்று மட்டும் விசாரித்தேன்.

முதலில் போய்ச் சேர்ந்தது மில் தொழிலாளர் கூட்டம். பாதியில் எழுந்தால் ஒற்றன் என்பார்களோ என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஏழு தடவை கை தட்டினேன். அடுத்தது, மாதாகோயிலை ஒட்டிய சாவு உதவிச் சங்கம். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "யாரு செத்தது?" என்றார்.

"இன்னும் சாவல" என்றேன்.

பத்தாம் நாள், நெல்லித்தோப்பில் ஒரு பெட்டிக்கடைக்காரர், "சாயங்காலம் கூட்டம் சேர்ற எடமா? அதோ!" என்று சாராயக்கடையைக் காட்டினார். போனேன். குடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை அஞ்சலையிடமே போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கூட்டம் கூட்டம்னா எவன் சொல்லுவான்? 'குடிய வுடணும், எங்க போறது'ன்னு கேளு சாமி! குருசுக்குப்பத்துல, வல கொட்டாய். கடையில ஆளு சேர்ற நேரத்துலதான் இவங்களும் சேருவாங்க."

3. கொட்டகையில் ஐந்து பேர்

போனால், உள்ளே ஐந்து பேர். இரண்டு பேர் தினமும் என் எதிரில் மூட்டை தூக்குகிறவர்கள். வந்த வழியே திரும்பினேன்.

"கணக்குப்பிள்ள, ஓடாதீங்க" என்றான் அவர்களில் ஒருவனான சின்னப்பன். "பத்து மூட்ட சங்கதி எங்களுக்கும் தெரியும். வந்து குந்துங்க."

உட்கார்ந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கிழவர் ஒருவர், "எத்தினி நாளா தொடல?" என்று கேட்டார்.

"நேத்து குடிச்சேன். இன்னிக்கு ஒண்ணு" என்றேன். ஐந்து பேர் முன்னால் அந்த எண்ணைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

"இன்னாங்க இது!" என்றான் சின்னப்பன். "மூட்ட எண்ற ஆளு மொதல்ல ஒண்ணுன்னா சொல்லுவீங்க?"

சொல்ல மாட்டேன். எங்கள் தொழிலில் முதல் மூட்டைக்கு ஒன்று என்று பேரில்லை. லாபம் என்று எண்ணித்தான் இரண்டுக்குப் போவோம்.

"லாபம்" என்றேன். ஐந்து பேரும் சிரித்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகும் நான்கு தடவை வழுக்கினேன். ஒவ்வொரு தடவையும் மறுநாள் சின்னப்பன் சுமையோடு என்னைத் தாண்டும்போது "லாபம்" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போவான். கணக்குத் தப்பவில்லை, வேலையும் போகவில்லை. இளைய கணக்குப்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தேடுவதன் பேரைச் சொல்லிக் கேளுங்கள், எனக்குப் போன பதினோரு நாள் உங்களுக்கு மிஞ்சும். வழுக்கினால் மறுபடி லாபத்திலிருந்து எண்ணுங்கள். என் ஐந்தாவது லாபத்துக்குப் பிறகு எண்ணிக்கை இன்றுவரை நிற்கவில்லை.