உசனார் காக்காவின் இரண்டாவது துண்டு

நெல் வியாபாரி உசனார் காக்கா சாக்கின் வாயைப் பார்த்து நெல் வாங்கினார் என்று ஏறாவூரில் ஒருவரும் சொல்ல முடியாது. மூடையைச் சொந்த மச்சானே கொண்டுவந்தாலும் அவருக்கு ஒன்றுதான். சாக்கின் கட்டை அவிழ்க்க விடமாட்டார். கையில் குத்தூசி இருக்கும். சாக்கின் அடியில் ஒரு குத்து, வயிற்றில் ஒரு குத்து, மூடையைப் புரட்டிப்போட்டு மறுபக்கம் இன்னொரு குத்து. ஊசியின் குழாய் வழியாக உள்ளங்கையில் நெல் கொட்டும். அதில் நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். 'டிக்' என்று உடைந்தால் காய்ந்த நெல். நசிந்தால் ஈரம். அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை.

அப்படி நெல்லைக் கடித்துத் தீர்ப்புச் சொன்ன வாய்க்குத்தான் வில்லங்கம் வந்தது.

எல்லாம் வெத்திலையின் வேலை. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்தால் முதல் வேலை வெத்திலை. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேர்ந்து வலது கடைவாயில் ஒரு நெல்லிக்காய் அளவு எப்போதும் அடைந்து கிடக்கும். வருசக் கணக்காக அப்படிக் கிடந்ததில், வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க மறுத்தது. முந்தி இடியப்பத்தை மடித்து முழுசாகத் தள்ளிய மனுசன், இப்போது கரண்டியைச் சரித்து உள்ளே விடவேண்டி வந்தது. கறியில் உறைப்புப் பட்டால் நெருப்பு வைத்ததுபோல எரிந்தது.

"மிளகாய்த்தூளக் குறைச்சுப் போடு புள்ள" என்று ஒருநாள் சொன்னார்.

அவருடைய மனைவி ஜெமீலா அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள். "என்ன, ஒங்கட நாக்குக்கு மரியாதை வந்திட்டோ? வாயத் திறங்க பாப்பம்."

இடது கன்னத்தின் உட்பக்கம் பால் ஆடை ஒட்டியதுபோல ஒரு வெள்ளைப் படை இருந்தது. அடுத்த நாளே ஜெமீலா அவரை பஸ்ஸில் ஏற்றி, மட்டக்களப்பு டவுனுக்குப் பல் கிளினிக்குக் கொண்டுபோனாள்.

வெள்ளைப் படை கண்ணாடியில் தெரியும். இன்னொன்று இருந்தது, அது கண்ணாடியில் தெரியாது. வலது பக்கம், கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு புண். ஆறுவதும் இல்லை, பெரிதாக நோவதும் இல்லை. அவருடைய நாக்கு நுனிக்கு மட்டும் அதைத் தெரியும்.

டொக்டர் கம்சாயினி கல்லடி ஊர்ப் பிள்ளை. நெற்றியில் ஒரு லைட்டைக் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

"ஐயா, இன்னும் கொஞ்சம் திறவுங்க."

"இவ்வளவுதான் மகள் வரும்."

"ரெண்டு விரல் கூடப் போகுதில்லையே. பின்பக்கம் எனக்கு ஒண்டும் தெரியுதில்ல. வேற எங்கயாவது புண், கட்டி, நோவு இரிக்கா?"

ஜெமீலா வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். மகள் ஸாதியாவுக்கு இது நிறைமாதம். மருமகன் கட்டாரில் வேலை. இந்த நேரத்தில் தன்னை வார்டில் போட்டால் வீடு என்ன ஆவது என்று உசனார் காக்கா ஒரு கணம் யோசித்தார். காலமெல்லாம் வாங்குகிறவராகவே இருந்த மனுசன், அந்தக் கதிரையில் உட்கார்ந்தபடி விற்கிறவராக மாறினார்.

"ஒண்டுமில்ல மகள். இந்த வெள்ளை மட்டும்தான்."

டொக்டர் இடது கன்னத்தை மரக்கவைத்து, பருப்பளவு ஒரு துண்டை வெட்டி ஒரு சின்னப் போத்தலில் போட்டாள். பயொப்சி என்றாள். எதையும் நிறுத்துப் பார்க்காமல் விடாத மனுசன் அல்லவா, மரத்த வாயோடும் கேட்டார்.

"இந்தத் துண்ட வெச்சு முழு வாயையும் சொல்லிருவீங்களா?"

"இல்ல ஐயா. இது இந்த இடத்தப் பத்தி மட்டும்தான் பேசும். வெத்திலைய இண்டையோட விடுங்க. நான் சொல்ற மாதிரி வாயத் திறந்து மூடிப் பழகுங்க. கொஞ்சம் திறக்க வந்ததும் பின்பக்கம் நான் பாக்கத்தான் வேணும்."

வெத்திலையை அன்றோடு விட்டார், அது உண்மை. லேபிலிருந்து ரிப்போட் வந்தது. வெத்திலையால் தோல் தடித்திருக்கிறது, கெட்டுப்போன அடையாளம் எதுவும் இல்லை என்று டொக்டர் வாசித்துச் சொன்னாள். உசனார் காக்கா அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தேத்தண்ணிக் கடை, நெல் ஆலை, பள்ளிவாசல் வாசல் என்று ஒரு சுற்று வந்தார். "வாய் கிளீன்! லேபே சொல்லிட்டு" என்று எல்லோரிடமும் சொன்னார். டொக்டர் திரும்ப வரச்சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அந்தக் கிழமைக்குள்ளேயே ஸாதியாவுக்குப் பெண்பிள்ளை கிடைத்தது.

என்ன பிள்ளை அது! தலை நிறைய முடி. அழுதால் அடுத்த தெரு ஒழுங்கைக்குக் கேட்கும். உசனார் காக்கா பேத்தியைக் கையில் வாங்கி, காதில் பாங்கு சொன்னார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பிறகு ஜெமீலா பேரீச்சம்பழத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பெரியவர் ஒருவர் பழத்தை மென்று, அந்த மென்ற பழத்தை விரலில் தொட்டுப் பிள்ளையின் அண்ணத்தில் தடவுவது வழக்கம்.

"வாப்பா, நீங்கதான் தடவணும்" என்றாள் ஸாதியா படுக்கையில் இருந்தபடி. "புள்ளைக்கு ஒங்கட கெட்டித்தனமும் ஒங்கட வாயும் வரட்டும்."

அவர் பழத்தை வாயில் போட்டார். இடது பக்கமாக மென்றார். இனிப்பு வழிந்து வலது கடைவாய்க்குப் போனது. பின்னால் சுரீர் என்றது. பிள்ளை அவரைப் பார்த்தபடி கொட்டாவி விட்டது. குட்டி வாய், உள்ளே ரோசாப்பூ நிறம், ஒரு கறை இல்லை.

உசனார் காக்கா பழத்தை விழுங்கிவிட்டார்.

"என்னங்க, நீங்க திண்டுட்டீங்க?"

"நீ மெண்டு குடு புள்ள. என்ட வாய் வெத்திலை திண்ட வாய்."

"லேபே கிளீன் எண்டு சொல்லிட்டு எண்டு ஊரெல்லாம் பறையடிச்சீங்க. இப்ப பேத்தி வாய்க்கு மட்டும் சரிவராதா?"

அவர் பிள்ளையை அவளிடம் நீட்டினார். ஜெமீலா ஒரு பழத்தை மென்று தடவிவிட்டாள். பிள்ளை சப்புக்கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்தான், ஆனால் நாக்கு நுனி பின்னால் போய்ப் போய் வந்தது.

இரண்டு நாள் கழித்துக் கிரானுக்கு நெல் பார்க்கப் போனார். விவசாயி அழகரத்தினத்தின் வயல் வட்டையில் மெஷின் இறங்கி வெட்டி முடிந்திருந்தது. றோட்டோரம் காயப்போட்டு அள்ளிய நெல்லை மூடை கட்டி அடுக்கி வைத்திருந்தார்.

"வாங்க காக்கா! பேத்தி கிடைச்சிரிக்காமே. வெறுங்கையோடயா வந்தீங்க?"

"வெறுங்கையோட வந்தா நீங்க விடுவீங்களா அண்ணன்? இந்தாங்க, தொதல்."

அழகரத்தினம் தொதலை வாயில் போட்டுக்கொண்டே ஒரு சாக்கை அவிழ்த்தார். பொன் மாதிரி நெல். "பாருங்க, இந்தப் போகத்தில இப்பிடி நெல்லு ஒருத்தனிட்டயும் இல்ல. இண்டைக்கு நல்ல நாள். குத்துறத எல்லாம் விட்டுட்டு ஏத்துங்க காக்கா."

உசனார் காக்கா அவிழ்த்த சாக்கைத் தொடவே இல்லை. அடுக்கின் அடியில் கிடந்த மூடையின் கீழ்ப்பக்கத்தில் குத்தூசியை இறக்கினார். கையில் விழுந்த நெல் கறுத்திருந்தது. புழுங்கல் வாடை அடித்தது. இடது பல்லில் வைத்துக் கடித்தார். நசிந்தது.

அழகரத்தினம் தொடையில் அடித்துச் சிரித்தார். "புடிச்சிட்டீங்களே! கடைசி நாள் காயேக்க மழை தூறிப் போட்டுது. பேத்தி வந்த சந்தோசத்தில மேலால பாத்திட்டுப் போயிருவீங்க எண்டு நினைச்சன்."

"நான் மேலால பாத்திட்டுப் போனா ஒங்களுக்குச் சரி அண்ணன். நெல்லுக்குச் சரியாகிருமா? உள்ளுக்குக் கிடந்து பக்கத்துச் சாக்கையும் சேத்து அவிச்சுப் போடுமே. ஆரை ஏமாத்துறீங்க நீங்க?"

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றார். நாக்கு மறுபடியும் பின்னால் போயிருந்தது.

"என்ன காக்கா, கோவமா?"

"ஒங்களோட இல்ல. மூடைகள அவிழ்த்துத் திரும்பக் காயப்போடுங்க. நான் டவுனுக்குப் போட்டு வாறன்."

மோட்டார் சைக்கிளை எடுத்தவர் ஏறாவூரைத் தாண்டும்போது வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளினிக் மூடும் நேரம். டொக்டர் கம்சாயினி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"டொக்டர் மகள், நான் ஒங்களுக்கு நல்ல பக்கத்த மட்டும் காட்டிட்டன். பின்னால ஒரு புண் இரிக்கு."

டொக்டர் கையுறையை மறுபடி மாட்டினாள். "எவ்வளவு நாளா?"

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தியே இருந்திச்சு."

"நான் கேட்டனே ஐயா. வாயத் திறந்து கேட்டனே!"

"கேட்டீங்க. குத்தம் என்டதான். இப்ப ஏசிப் போட்டுப் பாருங்க, இல்லாட்டிப் பாத்திட்டு ஏசுங்க. ஆனா பாக்காம விடாதீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெத்திலையை விட்டதிலும் திறந்து மூடிப் பழகியதிலும் வாய் இப்போது கொஞ்சம் இளகியிருந்தது. கண்ணாடியை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்தாள். இம்முறை எடுத்த துண்டு முந்தியதைவிட ஆழம்.

"ஏன் மகள், ஓரத்தில வெட்டுறீங்க? புண் நடுவிலல்லோ இரிக்கு?"

"நடுவில செத்த தசைதான் வரும். நல்லதும் கெட்டதும் சந்திக்கிற ஓரத்திலதான் விசயம் தெரியும். ஆழமா எடுத்தாத்தான் எவ்வளவு தூரம் இறங்கியிரிக்கு எண்டு சொல்லலாம்."

இது அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. போத்தலைத் தானே லேபுக்குக் கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டார். அங்கே நிலோஜன் என்று ஒரு இளம் தொழில்நுட்பவியலாளர் போத்தலை வாங்கி இலக்கம் எழுதினார். உசனார் காக்கா நகரவில்லை.

"தம்பி, இதுக்குள்ள என்ன தண்ணி?"

"போமலின் ஐயா. தசை அழுகாம, இருந்த மாதிரியே நிப்பாட்டி வைக்கும்."

"பிறகு?"

நிலோஜன் ஆளை மேலும் கீழும் பார்த்தார். போகிற ஆளாகத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்த மெஷினைக் காட்டினார். "தசையில இரிக்கிற தண்ணிய எல்லாம் எடுத்துப் போட்டு, உருக்கின மெழுகில ஊறவைப்பம். மெழுகு இறுகினதும் கட்டி மாதிரி வரும். அத அந்த மெஷினில சீவுறது. தலைமயிரவிட மெல்லிசா வரும்."

உள்ளே ஒரு பெண் சீவிக்கொண்டிருந்தாள். மெழுகு நாடாவாக நீண்டு வந்தது. அதை இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் போனதும் கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுத்தாள். உசனார் காக்கா கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டார். ஒரு சாக்குக்கு மூன்று குத்துக் குத்திவிட்டுத் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்த மனுசன். இங்கே ஒரு பருப்பை ஏடு ஏடாகச் சீவுகிறார்கள்.

"அத அப்பிடியே பாத்தாத் தெரியுமா?"

"தெரியாது. சாயம் போடணும். ஒவ்வொரு உயிரணுவுக்கும் நடுவில இரிக்கிற கரு, அது நீலமா வரும், மத்ததெல்லாம் ரோசா. நல்ல தசையில அணுக்கள் ஒழுங்கா வரிசையா நிக்கும். கெட்டதில கரு பெருத்துக் கறுத்து, ஒழுங்கில்லாம நெருக்கியடிச்சு நிக்கும். நுணுக்குக்காட்டியில பாத்து அத முடிவாச் சொல்றது பெரிய டொக்டர். நாங்க சீவிக் குடுக்கிற ஆக்கள்."

"அப்ப அடிவரைக்கும் சீவுங்க தம்பி. எனக்காகப் பாவம் பாத்து மேலோட விட்டுராதீங்க."

வீட்டுக்குப் போனதும் ஜெமீலாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"என்னையும் மேல் நெல்லக் காட்டித்தான் நிக்காஹ் முடிச்சீங்களோ?"

"ஒனக்கு அடி நெல்லையும் காட்டித்தான் முடிச்சன். ஒன்ட வாப்பாதான் நிறுவையில பிழை விட்டார்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் ரிப்போட் எடுக்கப் போன அன்று வெளி வாங்கில் இருக்கவும் இல்லை. நேரே உள்ளே வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். டொக்டர் கம்சாயினி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு ஒன்று கீறினாள்.

"இது மேல் தோல். இதுக்கு அடியில வரம்பு மாதிரி ஒண்டு இரிக்கு. கெட்ட அணு அந்த வரம்ப உடைச்சுக் கீழ இறங்கினாத்தான் அது புற்றுநோய். ஐயாட துண்டில மேல் தோலின்ட பாதி உயரத்துக்கு அணுக்கள் கெட்டுப் போயிரிக்கு. வரம்பு உடையல்ல."

"இப்ப இரிக்கிறது புற்றுநோய் இல்ல?"

"இந்தத் துண்டில இல்ல. விட்டிருந்தா வந்திருக்கலாம். புண் முழுசையும் வெட்டி எடுத்துத் திரும்ப லேபுக்கு அனுப்புவம். எல்லா ஓரமும் சுத்தமா எண்டு பாத்தாத்தான் கணக்கு முடியும்."

"எப்ப வெட்டுவீங்க?"

"அடுத்த கிழமை."

"நாளைக்கு ஏலாதா மகள்? வரம்பில கசிவு தெரிஞ்சா அடுத்த கிழமை வரைக்கும் ஆரு பாத்துக்கிட்டு இருப்பான்?"

டொக்டர் ஜெமீலாவைப் பார்த்தாள். "வீட்டிலயும் இப்பிடித்தானா?"

"வீட்டில இதவிட மோசம்" என்றாள் ஜெமீலா. "வெட்டேக்க கதையையும் கொஞ்சம் குறைச்சு விடுங்க."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. வெட்டி முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, தையல் ஆறும்வரை பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். உசனார் காக்கா கட்டிலில் சாய்ந்து, ஆறவைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் பேத்தி பாலைக் குடித்துக்கொண்டு கிடந்தது. வீடு இத்தனை அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை.

"நமக்கு இப்ப வீட்டில ரெண்டு பச்சப்புள்ள" என்று ஜெமீலா வருகிறவர்களிடம் சொன்னாள். "சின்னதுதான் சொல்வழி கேக்குது."

ஒரு பகல் அவளுடைய போன் அடித்தது. டொக்டர் கம்சாயினி. ஜெமீலா அடுப்படியில் நின்றபடி கேட்டாள். "ஓம்... ஓம் மகள்... எல்லா ஓரமுமா?" பிறகு வாசலில் வந்து நின்று கட்டிலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"அல்ஹம்துலில்லாஹ்! ஓரமெல்லாம் சுத்தமாம். ஒரு கெட்ட அணு மிச்சமில்லையாம். மாதம் மாதம் வந்து வாயக் காட்டட்டாம். வெத்திலையக் கண்ணாலயும் பாக்கக்கூடாதாம்!"

அவர் எழும்பி உட்கார்ந்தார். வாயைத் திறக்கப்போனார்.

"பேசினா தையல் விடும்!"

வாயை மூடிக்கொண்டார். ஆனால் சும்மா இருக்க முடியுமா? பேத்தியைத் துணியோடு அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கிவிட்டார். ஆலைக்குப் போகிறவன், மீன்காரன், எதிர்வீட்டு உம்மா என்று எதிரில் வந்தவர்களையெல்லாம் மறித்து நிறுத்தினார். பிள்ளையைக் காட்டினார், தன் கன்னத்தைக் காட்டினார், கையை விரித்து ஆட்டினார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடிவந்த ஜெமீலாதான் ஒவ்வொருவருக்கும் நின்று நின்று பதில் சொல்லவேண்டியிருந்தது.