கிளவுஸைக் கழற்றியவர்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எங்கள் சூப்பர்வைசருக்குக் கிளவுஸ்தான் சாமி. கிளவுஸ் இல்லாமல் தகட்டைத் தொட்டவனை எல்லோர் முன்பும் நாறடித்துவிடுவார். பிரஸ்ஸிலிருந்து வரும் தகட்டின் ஓரம் சவர பிளேடு மாதிரி இருக்கும்.

அந்த மனிதர்தான் என் கிளவுஸைக் கழற்றினார்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கிக் கிடக்கும், ஓ.டி. என்று தூக்கத்தைப் பிடுங்கினால் எட்டிப் பார்க்கும். மண்ணூரில் என்னோடு ஒரே அறையில் தங்கி, அதே லைனில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டும் இது தெரியும். ஒரு நாள் காலை ஷிப்டில் லைனிலேயே விழுந்தேன். நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை, அவன் சொன்னதுதான்.

"ஏ, அவனப் புடிக்காதீய! ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, தன்னால நின்னுரும்" என்று ஓடி வந்த அவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள். ஒருவன் என் மார்பில் முட்டியை ஊன்றி அழுத்தினான். இன்னொருவன் கேன்டீன் ஸ்பூனைப் பல்லுக்குள் திணித்தான். முன்பல் உடைந்தது.

"கையில இரும்பு குடுங்கடா, நின்னுடும்!" என்றார் சூப்பர்வைசர். அங்கே இரும்புக்கா பஞ்சம்? ரிஜெக்ட் தொட்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்தார். இரும்பு தோலில் பட்டால்தான் பலிக்குமாம். கிளவுஸை உருவி எறிந்தார். தகட்டை என் வலது உள்ளங்கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் என் விரல்களை இறுக்கி மூடினார். நான் உதற உதற இன்னும் இறுக்கினார். ரத்தம் அவர் சட்டையில் வழிந்தது. தகடு எலும்பில் போய் நின்றது. வலிப்பும் நின்றது, எப்போதும் தானாக நிற்கிற மாதிரி.

"வலிப்புக்கு மாத்திரை இருக்குப்பா. இந்த விரலெல்லாம் இனிமே மடங்குறது கஷ்டம்" என்றார் டாக்டர். மடங்காத விரலுக்கு எந்த லைனிலும் இடமில்லை. சீக்கிரம் பெர்மனென்ட் ஆகிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாள் சூப்பர்வைசர் ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகமெல்லாம் பெருமை.

"நான் மட்டும் இரும்பு வெக்கலன்னா நீ பூட்டிருப்படா. இந்தா, இத எப்பவும் கையில போட்டுக்கினு இரு" என்று ஓர் இரும்பு வளையத்தைக் கட்டிலில் வைத்தார்.

இடது கையால் எடுத்து அவர் முகத்திலேயே எறிந்தேன். புருவம் கிழிந்தது. கொஞ்சமும் வருத்தமில்லை, இன்றுவரை இல்லை. அடுத்து எதை எறியலாம் என்று தேடினேன்.

புருவத்தைப் பொத்திக்கொண்டு அவர் வாசலைப் பார்த்துக் கத்தினார்: "ஓடியாங்கப்பா, மறுபடியும் வந்துடுச்சு! கையப் புடிங்க!"