சாமியார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்

உபதேசியாரே, நீங்கள் கோயிலுக்குள் நின்றுகொண்டே பொய் சொன்னீர்கள். இறந்துபோன நம் பங்குச் சாமியாரின் நினைவுப் பூசை முடிந்ததும் எழுந்து, "பண்ணாடிகளிடம் மன்னிப்புக் கேட்ட தாழ்மையான மனுஷர்" என்றீர்கள். அவர் பண்ணாடிகளிடம் கேட்கவில்லை. எங்களிடம் கேட்டார். நானும் அங்கே இருந்தேன், நீங்களும் இருந்தீர்கள்.

நிலக்காரர்களைப் பண்ணாடி என்றுதான் கூலிக்காரர்களான நாங்கள் கூப்பிடுவோம். நாமக்கல் ரோட்டோரத்துக் கோயிலில் அவர்கள் முன்வரிசை, நாங்கள் கதவோரம். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குக் கழுவியதுபோல, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். ஆட்களைப் பொறுக்குவது நீங்கள். எல்லோரும் பண்ணாடி வீட்டு ஆட்கள். அவர்கள் வீட்டிலேயே குதிகாலைச் செங்கல்லில் தேய்த்து, எண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள். கழுவுவதற்கு அந்தக் காலில் ஒன்றும் இருக்காது.

உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் ஒருவருக்குக் காய்ச்சல். பெஞ்சில் நடுவே ஓர் இடம் காலி. நான் வெங்காய வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்படியே வந்திருந்தேன். முழங்கால்வரை செம்மண். சாமியார் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"இவனாங்க சாமி?" என்றீர்கள், சொம்பும் கையுமாக.

"இவன்தான். தண்ணியை ஊத்தும்."

தாம்பாளம் சிவந்தது. துடைத்த துண்டும் சிவந்தது. அடுத்து உட்கார்ந்திருந்த பண்ணாடி காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, இவன் காலத் தொடச்ச துண்டுலயா என்ற காலயும் தொடைப்பீங்க?"

"ஒரு துண்டுதான் இருக்கு" என்றார் சாமியார், மண்டியிட்டபடியே.

பண்ணாடிகள் குடும்பத்தோடு எழுந்து போய்விட்டார்கள். என் மச்சான் கதவோரத்திலிருந்து, "மாப்ள, இனி கால மண்ணுல வெக்காத, அழுக்காயிரும்" என்றான். கோயில் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன்.

சாமியாரை மாற்றச் சொல்லி அவர்கள் சாமியார்களுக்கெல்லாம் மேலான ஆயர், மேற்றிராணியாரிடம் போனார்கள். சந்தையிலும் அதே பேச்சு. அவரை அனுப்பிவிட்டால் நாங்களும் இந்தக் கோயிலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தோம். மேற்றிராணியார் வந்தார். சபை முன்னால் மன்னிப்புக் கேட்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் வேறு ஊர் என்றார். பண்ணாடிகள் முன்வரிசையில் விறைப்பாக வந்து உட்கார்ந்தார்கள்.

சாமியார் பீடத்தைவிட்டு இறங்கினார். முன்வரிசையைத் தாண்டி நடந்து கதவோரம் வந்தார். எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இத்தனை வருஷமும் வீட்டிலேயே கழுவிய காலைத்தான் கழுவினேன். உங்களைக் கூப்பிடவில்லை. மன்னியுங்கள்."

பண்ணாடிகளுக்குத் தெரிந்தது அவர் முதுகுதான். மேற்றிராணியார் எழுந்து முன்வரிசையைப் பார்த்தார். பிறகு, "கேட்டுவிட்டார். எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்" என்றார். யாரிடம் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கவில்லையே!

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பண்ணாடிகள் பூசைக்குத் திரும்பி வந்தார்கள். போன பெரிய வியாழனன்று என் தம்பியும் அந்தப் பண்ணாடியின் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். துண்டு இன்னும் ஒன்றுதான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. எனக்கு யார்மேலும் குறை இல்லை, உங்கள் வாயைத் தவிர.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அதே கதவோரம் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: அன்றைக்குச் சாமியாரின் முகம் எந்தப் பக்கம் இருந்தது?