மித்ரா இழுத்துப் பார்த்த கொக்கி

என் மனைவி சங்கமித்ராவுக்கு எதையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பூட்டிய கதவை இழுப்பாள். கேஸ் சிலிண்டரின் டியூபை இழுப்பாள். பஸ்ஸில் ஏறினால் உட்காருவதற்கு முன் சீட்டை இழுத்துப் பார்ப்பாள், ஏதோ அது கழன்று அவளோடு வீட்டுக்கு வந்துவிடும் என்பதுபோல. கல்யாணமான புதிதில் என் மீசையையே இழுத்துப் பார்த்தாள். ஒட்டியதா வளர்த்ததா என்று தெரிந்துகொள்ளத்தானாம். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் அவளுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

அவள் பிறந்து வளர்ந்தது ஜீவனஹள்ளியில். சுவரில் புத்தரைத் தவிர வேறு படம் இல்லாத வீடு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் செக்கராகச் சேர்ந்தாள். வெளிநாட்டுக்குப் போகும் சட்டைகளின் பட்டனை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பதுதான் வேலை. கையோடு வந்தால் அந்தச் சட்டை மறுபடி மெஷினுக்குப் போகும். வேலையால் இந்தப் பழக்கம் வந்ததா, பழக்கத்தைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தொம்மலூரில் எனக்கு ஒரு டி.வி. ரிப்பேர் கடை. ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சரிசெய்து பாட்டுப் போட்டுக் காட்டினேன். போகவில்லை. "இன்னொரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். "ஒயர புடிச்சு கொஞ்சம் ஆட்டுங்க." ஆட்டினேன். கடை சாத்துகிற நேரம்வரை அந்த ஒரே பாட்டு பாதிப் பாதியாக ஓடியது. அடுத்த வருஷம் கல்யாணம். என் அம்மா சந்திரம்மாவுக்கு, பூஜை புனஸ்காரம் இல்லாத வீட்டுப் பெண் என்று கொஞ்ச நாள் முகம் தூக்கலாக இருந்தது. ராத்திரி கேஸ் மூடியிருக்கிறதா என்று தான் எழுந்துபோய்ப் பார்க்கவேண்டியதில்லை என்று கண்டுகொண்டதும் சமாதானமாகிவிட்டாள்.

ஃபேக்டரியை வேறு ஊருக்கு மாற்றியபோது மித்ரா ஒரு படகு கிளப்பில் சேர்ந்தாள். அத்திபெலேக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஓர் ஏரி. அதன் கரையில் கிளப். அவளுக்கு ஸ்டோர் ரூம் வேலை, லைஃப் ஜாக்கெட்டெல்லாம் அவள் பொறுப்பு. நீந்தத் தெரியாது. ஸ்டோர் ரூமுக்குள்ளேயே ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "ஜன்னல் ஏரிப் பக்கம் இருக்குல்ல" என்பாள்.

அந்தக் கிளப்பில் மோட்டார் படகுக்குப் பின்னால் கயிறு கட்டி, காலில் கட்டை மாட்டிய ஆளைத் தண்ணீர்மேல் இழுத்துக்கொண்டு போகும் விளையாட்டை ஆரம்பித்தார்கள். காக்ஸ் டவுனைச் சேர்ந்த வீணா என்ற கல்லூரிப் பெண் அதில் பெரிய கெட்டிக்காரி. கையால் பிடிக்கிற பிடியைக் காலில் வார் போட்டு மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தபடி ஒற்றைக்காலில் போவாள். பார்க்க அழகுதான். ஆனால் விழுந்தால் கையைப்போலக் கால் கயிற்றை விட்டுவிடாது. படகு ஓடிக்கொண்டிருக்க, காலைப் பிடித்து இழுக்க, தலை தண்ணீருக்குள் போகும். ஒருநாள் அப்படித்தான் ஆனது. படகோட்டி நாணு திரும்பிப் பார்த்து நிறுத்துவதற்குள் வீணா பாதி ஏரியைக் குடித்துவிட்டாள். மேலே வந்து இருமிக்கொண்டே சிரித்தாள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மித்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அவள் வீட்டில் சாப்பிடவும் இல்லை.

அதற்கப்புறம்தான் மேனேஜர் ஹெர்பர்ட் ரிலீஸ் தேடி அலைந்தார். ரிலீஸ் என்பது ஒரு கொக்கி. படகில் இருக்கும் இரும்புக் கம்பத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே அதை மாட்டுவார்கள். அதிலிருந்து ஒரு சின்ன நூல்கயிறு வரும். படகில் ஒருவர் பின்னால் பார்த்தபடி அந்த நூல்கயிற்றைக் கையில் பிடித்திருக்கவேண்டும். விழுந்தவளின் கால் மாட்டிக்கொண்டால் வெடுக்கென்று ஓர் இழுப்பு. கொக்கி வாய்திறக்கும், கயிறு படகை விட்டுப் போய்விடும். அந்த ஒருவர் யார் என்று கிளப்பில் யோசித்தார்கள். மற்றவர்களெல்லாம் கரையைப் பார்ப்பார்கள், கொக்கைப் பார்ப்பார்கள், கரையில் நிற்கும் பெண்களைப் பார்ப்பார்கள். கண் எடுக்காமல் பார்க்கிறவள் மித்ரா ஒருத்திதான். இப்படித்தான் நீந்தத் தெரியாதவள் படகில் ஏறினாள்.

ஹெர்பர்ட் மூன்று விதமான ரிலீஸ்களை அவள் முன்னால் வைத்தார். "உன் கையில இருக்கப்போறது. நீயே செலக்ட் பண்ணு மித்ரா" என்றாராம்.

அவள் மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஷீட் கூரைக்குப் போட்ட இரும்பு கர்டரில் ஒன்றை மாட்டி, கீழே கயிறு விட்டு, என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இத புடிச்சுத் தொங்குங்க."

"நானா?"

"நம்ம வீட்ல கனமா இருக்கறது நீங்கதான்."

அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, என் பையன்தான் கெடச்சானா? ஒரு சிமென்ட் மூட்டைய கட்டேன்."

"சிமென்ட் மூட்ட கையகால ஆட்டாதே அத்த" என்றாள் மித்ரா.

முதலாவது பித்தளை. பளபளவென்று கோயில் மணிபோல இருந்தது. ஹெர்பர்ட்டுக்கு அதுதான் பிடித்திருந்தது. நான் தொங்கினேன். அவள் இழுத்தாள். திறக்கவில்லை. சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தாள். திறக்கவில்லை. நான் கை வலித்துக் கீழே இறங்கியதும் ஒரு விரல் பட்டு அழகாகத் திறந்துகொண்டது. "ஆளு தொங்கறப்போ தெறக்காம, எறங்கனப்புறம் தெறந்தா அத வெச்சு இன்னா பண்றது?" என்று அதைத் தூர வைத்தாள்.

இரண்டாவது ஸ்பிரிங் வைத்த சின்னக் கொக்கி. தொங்கினேன். தும்மினேன். தரையில் இருந்தேன். அவள் நூலைத் தொடவேயில்லை. அப்போதுதான் அம்மா ஒரு பழைய மெத்தையைக் கொண்டுவந்து கீழே போட்டாள். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் நாற்காலி போட்டுக்கொண்டார்.

மூன்றாவதைப் பார்த்தால் சைக்கிள் ஸ்டாண்டில் கழற்றியதுபோல இருக்கும். கறுப்பு பெயின்ட், தடித்த நாக்கு, பக்கத்தில் ஒரு நெம்புகோல். தொங்கினேன், உதறினேன், எதிர்வீட்டுக்காரர் சொன்னபடி இரண்டு குதியும் குதித்தேன். அசையவில்லை. "இப்ப?" என்று கேட்டேன். ஒரே விரல். மெத்தையில் கிடந்தேன்.

"எவ்ளோ நல்லா விழுந்தீங்க!" என்றாள் மித்ரா. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. பிறகு அதைத் தண்ணீரில் நனைத்து ஒரு தடவை, மணலில் புரட்டி ஒரு தடவை என்று என்னை விழவைத்தாள். மறுநாள் கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன், உட்கார முடியவில்லை.

ஹெர்பர்ட் பெருந்தன்மையாகக் கறுப்பையே மாட்டச் சொன்னார். போட்டோவில் மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மித்ரா ஒரு சட்டம் போட்டாள்: ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் படகுத்துறையில் யாராவது கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து தொங்கவேண்டும், அவள் இழுத்துப் பார்ப்பாள், அப்புறம்தான் படகு கிளம்பும். நாணு சலித்துக்கொண்டான். "ஏனூ ஆகல்லா மேடம், சும்னே டைம் வேஸ்ட்டு" என்பான் தினமும், ஒன்றும் ஆகாது என்று. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம், தொண்ணூற்றெட்டில், விஜயதசமியன்று கிளப்பில் பெரிய விழா. ஓர் அதிகாரி வருகிறார், வீணாவின் ஒற்றைக்கால் சவாரிதான் முக்கிய அயிட்டம். முந்தின நாள் ஆயுத பூஜை. நம் ஊரில் ஆயுத பூஜை எப்படி என்று சொல்லவேண்டியதில்லை. அம்மா இஸ்திரிப் பெட்டிக்கும் டெலிபோனுக்கும்கூடப் பொட்டு வைப்பாள். மித்ரா வருஷா வருஷம் அதைப் பார்த்துச் சிரிப்பாள். அந்த வருஷம் சிரிக்கவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது, "அத்த, கொஞ்சம் சந்தனம் குங்குமம் குடுங்க" என்றாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த சந்தனத்தையெல்லாம் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்துக் கொடுத்துவிட்டாள்.

கிளப்பில் நாணு படகுக்கு வாழைக்கன்று கட்டினான், பூசணிக்காய் உடைத்தான். எலுமிச்சம்பழத்தை வைக்க சக்கரம் இல்லாததால் படகுக்கு முன்னால் தண்ணீரில் மிதக்கவிட்டான். மித்ரா தன் கொக்கிக்குத் தானே பொட்டு வைத்தாள். பொட்டா அது! கயிறு மாட்டியபடியே கொக்கியை முழுக்கச் சந்தனத்தால் மெழுகி, குங்குமம் வைத்து, காற்றில் விழாதபடி கதம்பச் சரத்தை இறுக்கிச் சுற்றி முடிச்சும் போட்டுவிட்டாள். எந்தச் சாமியையும் கும்பிடாதவள் அந்தப் பெண்ணுக்காகக் கும்பிட்டாள். பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள்வரை தொடக்கூடாது என்றார்கள். தொடவில்லை. மறுநாள் காலையில் அதிகாரி வருவதற்குள் பூ கலைந்துவிடக்கூடாது என்றார் ஹெர்பர்ட். அப்போதும் இழுத்துப் பார்க்கவில்லை.

நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வீணாவின் அம்மா ஜானகி. தன் பெண் தண்ணீரில் ஏதோ ஸ்கேட்டிங் மாதிரி செய்கிறாள் என்ற அளவுக்குத்தான் அந்த அம்மாளுக்குத் தெரியும். படகு கிளம்பியது. வீணா ஒரு சுற்று சாதாரணமாகப் போனாள். கையைத் தூக்கினாள். அடுத்து காலை வாரில் மாட்டப் போகிறேன் என்று அதற்கு அர்த்தம்.

பூஜைக்கப்புறம் ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை என்பது மித்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது. நூலை இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். காய்ந்த சந்தனம் சிமென்ட்டாக இறுகியிருந்தது. பூக்கட்டிய நூல் கொக்கியின் வாயைச் சேர்த்துக் கட்டியிருந்தது.

"நிறுத்துங்க நாணுண்ணா! நிறுத்துங்க!"

படகு நின்றது. வீணா மெல்லத் தண்ணீரில் உட்கார்ந்தாள். எஞ்சின் ரிப்பேர் என்று கரையில் பேசிக்கொண்டார்கள். மித்ரா படகில் எழுந்து நின்று, அதிகாரி, ஹெர்பர்ட், ஊர் ஜனம் அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி கத்தினாள்: "தெறக்கல! தப்பு என்னுது! நான்தான் பொட்டு வெச்சேன்!"

"என்ன தெறக்கல?" என்று ஜானகி என்னைக் கேட்டாள். முட்டாள் நான், எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அந்த அம்மாளின் முகம் வெளுத்துப்போனது.

துறையில் வைத்துப் பூவை அறுத்து, பெட்ரோலும் பழைய பிரஷ்ஷும் ஹேர்பின்னும் போட்டுக் கொக்கியைச் சுரண்டினார்கள். அதிகாரி வெயிலில் குடை பிடித்துக் காத்திருந்தார். தொங்கிப் பார்க்க ஆள் தேடியபோது பக்கத்தில் கோட்டு சூட்டோடு நின்றவர் ஹெர்பர்ட். தொங்கினார். மித்ரா இழுத்தாள். கோட்டோடு ஏரிக்குள் போனார். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள், அதிகாரியும் தட்டினார்.

வீணா மறுபடி போனாள். கையைத் தூக்கினாள், காலை மாட்டினாள், இரண்டு கையையும் விரித்தாள். கரையே எழுந்து நின்றது. எங்கிருந்தோ ஓர் அலை வந்தது. வீணா விழுந்தாள். கால் வாரிலேயே இருந்தது. கயிறு விறைத்து, தலை இருந்த இடத்தில் வெறும் நுரை மட்டும் ஓடியது. நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் கயிறு தொய்ந்துவிட்டது. தண்ணீரைத் துப்பிக்கொண்டு ஒரு தலை மேலே வந்தது. கை அசைந்தது.

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. படகில் மித்ரா அந்த நூலை இன்னும் இழுத்துப் பிடித்தபடியே இருந்தாள். நாணுதான் அவள் விரலைப் பிரித்து எடுத்தான்.

அவள் கரையேறியபோது ஜானகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் போனாள். அறைந்துவிடுவாளோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். மித்ராவும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். கன்னத்தைத் திருப்பாமல் நின்றாள்.

"எந்தக் கையால இழுத்தே?"

மித்ரா வலது கையை நீட்டினாள். நகத்திடுக்கில் இன்னும் குங்குமம் இருந்தது. ஜானகி அந்தக் கையை இரண்டு கையாலும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"பொட்டு வைக்கறதெல்லாம் நான் வீட்ல பாத்துக்கறேன். நீ இழுத்துப் பாக்கறத மட்டும் பாரும்மா."