உரிமப் பட்டியலில் ஒரு சிவப்புக் கோடு

போடியில் ஏலக்காய் வாங்கி விற்க வேண்டுமானால் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைக் கொடுக்கும் அலுவலகத்தில் எழுபதுகளின் நடுவில் எழுத்தராகச் சேர்ந்தேன். அங்கே இருந்த ஒரே பெண் நான்தான். சேர்ந்த ஆறாம் மாதமே பதிவேடு முழுக்க என் தலைக்குள் ஏறிவிட்டது. எந்தத் தெருவில் யார் கடை, யாருடைய உரிமம் எப்போது முடிகிறது, யார் கடைசி நாள் வரை இழுத்தடித்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வருவார், எல்லாம் பதிவேட்டைத் திறக்காமலே சொல்வேன். "டைப் அடிக்கிற அக்காவக் கேளுங்கண்ணே, புத்தகத்தை எதுக்குப் பொரட்டிக்கிட்டு" என்று வியாபாரிகள் பேசிக்கொள்வது காதில் விழும். எனக்கு அது பிடித்திருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

எங்களுடைய பெரிய தலைவலி ஏலக் கூடம். வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே ஏலம் நடக்கும். உரிமம் உள்ளவர்களை மட்டும் உள்ளே விட, கூடத்துக்காரர்களிடம் தனியாக ஒரு நோட்டு இருந்தது. எங்கள் பதிவேட்டைப் பார்த்து அதில் பெயர் ஏற்றிக்கொள்வார்கள். நினைத்தால் ஏற்றுவார்கள், நினைத்தால் மறப்பார்கள். செத்துப்போனவர் அந்த நோட்டில் இரண்டு வருஷம் உயிரோடு இருப்பார். புதிதாக உரிமம் வாங்கியவர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பார். கத்தி முடித்ததும் நேரே என் மேசைக்கு வருவார்.

ஆகவே எண்பதுகளின் பின்பாதியில் தலைமை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் நான் சந்தோஷப்பட்டேன். உரிம வேலைக்கென்றே எழுதிய புரோகிராம் அது. எங்கள் பட்டியலையும் ஏலக் கூடத்துப் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். இங்கே ஒருவருடைய உரிமம் ரத்தானால் அங்கேயும் அதே நாளில் அவர் பெயருக்கு நேராக அது விழுந்துவிடும். அலுவலகத்தில் மற்றவர்கள் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். நான் வரட்டும் என்றேன். இரண்டு நோட்டுக்கு நடுவில் கிடந்து அல்லாடியவள் நான்தானே.

பதிவேட்டில் இருந்த அத்தனை பேரையும் கட்டம் கட்டமாக அச்சிட்ட படிவங்களில் ஏற்றி அனுப்பச் சொன்னார்கள். பெயர், தகப்பனார் பெயர், தெரு, உரிம எண். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. பெயரும் தகப்பனார் பெயரும் தெருவும் ஒன்றாக இருக்கும் வரிகள் இரண்டு இருந்தால், அது கவனக்குறைவாக இரண்டு தடவை எழுதியது. ஒன்றைச் சிவப்பு மையால் அடித்துவிட வேண்டும் என்று ஒரு குறிப்பும் வந்தது. அப்படி நிறைய இருந்தன. புதுப்பிக்கும்போது பழைய வரியை அடிக்காமல் புது வரி எழுதிவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தேன். யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத வியாபாரி போடியில் உண்டா என்ன! கடைசிப் பக்கத்தில் 'சரிபார்த்தேன்' என்று எழுதி அழுத்தமாகக் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஓரத்தில் ஓட்டை போட்ட அகலத் தாளில் பட்டியல் வந்தது. ஏலக் கூடத்துக்கும் அதே பட்டியல் போயிற்று. முதல் ஏலத்தன்று காலையிலேயே ஓர் இளம் வியாபாரி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஊரே அவரை அப்பு என்றுதான் கூப்பிடும். தகப்பனார் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். தாத்தா நடத்திய கடை. முந்தின வருஷம் தாத்தாவும் போக, கடை இவர் தலையில் விழுந்தது.

"அக்கா, என்னைய உள்ள விட மாட்டேங்குறாக. லிஸ்ட்டுல பேரு இருக்காம். ஆனா நான் செத்துட்டேன்னு போட்ருக்காம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. வடக்கே இருந்து ஒரு பெரிய வியாபாரி அவரை நம்பி முதல் தடவையாகச் சரக்கு கேட்டிருந்தார். வார முடிவில் லாரி வந்துவிடும். இந்த ஏலத்தை விட்டால் இன்னும் ஓர் ஏலம்தான். அதையும் விட்டால் அந்த ஆள் வேறு கடைக்குப் போய்விடுவார், தாத்தாவோடு கடையும் போயிற்று என்று ஊர் பேசும் என்றார்.

"கம்ப்யூட்டர் கண்ட கண்றாவியையும் பண்ணுது" என்று சத்தமாகத் திட்டிக்கொண்டே படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். அவருடைய உரிம எண் இருந்த வரியில் சிவப்புக் கோடு இருந்தது. நான் அடித்த கோடு.

எங்கள் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். தாத்தாவின் தகப்பனார் பெயர் இவருடைய தகப்பனாருக்கு. ஆகவே தாத்தாவுக்கும் பேரனுக்கும் பெயர் ஒன்று, தகப்பனார் பெயர் ஒன்று, தெருவும் ஒன்று. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பெரியவர் முகம்தான் வந்தது. இந்தப் பிள்ளைக்கு அப்பு என்பதைத் தவிர வேறு பெயர் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. செத்தவர் பெயரில் இன்னொரு வரி எதற்கு என்று பேரனை அடித்துவிட்டேன், தாத்தாவின் வரி மட்டும் 'மரணம், ரத்து' என்று கம்ப்யூட்டருக்குள் போயிற்று. அது சொன்னதைத்தான் செய்திருக்கிறது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

நேரே அதிகாரியிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர், அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். பாதி மலையாளம் கலந்துதான் பேசுவார்.

"மனசிலாயி மேடம். பக்ஷே பேப்பர் வேணுமே. ஸ்கூல் சர்ட்டிபிகேட் கொண்டுவரச் சொல்லுங்க."

சர்ட்டிபிகேட்டிலும் அப்பு என்றே இருந்தது! பள்ளியில் சேர்த்தது அவருடைய ஆத்தா. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. மகனுக்கு அதே பெயர் என்பதால் அதையும் சொல்ல முடியாது. வாத்தியார் கேட்டபோது அப்பு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். உரிமம் வாங்கும்போது மட்டும், கடைப் பெயர் நிலைக்கட்டும் என்று இவர் தாத்தா வைத்த பெயரில் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு வியாபாரிகள் கையெழுத்துப் போட்டால் அப்போது போதும்.

"அப்போ அம்மா நேரில் வரட்டும். மகனுக்கு வெச்ச பேர் இன்னதுன்னு என் முன்னால் சொல்லட்டும். நான் எழுதி சீல் போட்டுத் தர்றேன்."

"நான் படிச்சுக் காட்டுறேன் சார், அவங்க தலையாட்டட்டும்" என்றேன்.

"ரெண்டாளுக்கும் ஒரே பேரு. யாருக்குத் தலையாட்டினாங்கன்னு மேலே கேட்டா நான் எந்து சொல்லும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் கோபமே.

மறுநாள் காலை ஆத்தா குரங்கணியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். தோட்டத்தில் காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. கையெல்லாம் பச்சைக்காய் வாசம். வராண்டாவிலேயே அவரை நிறுத்தி, "தப்பு என்னோடது ஆத்தா. உங்களைக் கொண்டாந்து இப்பிடி நிறுத்திட்டேன்" என்றேன்.

"இருக்கட்டும் தாயி. பள்ளிக்கூடத்துல மாத்திச் சொன்னவ நான்தான."

மகன் எதிரில் இருந்தால் சொல்ல வராது என்று ஆத்தா அவரை வெளியே அனுப்பிவிட்டார். உள்ளே போனோம். அதிகாரி பேனாவைத் திறந்தார். ஆத்தா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். உதடு அசைந்தது. எனக்கே கேட்கவில்லை.

"கேட்டில்ல அம்மா" என்றார் அதிகாரி.

ஆத்தா என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அலுவலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி, மலையில் தூரத்து ஆளைக் கூப்பிடும் குரலில், அந்தப் பெயரைச் சொன்னார்.

"என்னாத்தா?" என்று வராண்டாவிலிருந்து மகன் ஓடி வந்தார்.

வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆத்தா அவரைத் திரும்பிப் பார்த்து, "உன்னயத்தான்டா" என்றார். அதிகாரி தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சீலைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

அந்தத் தாளை நான் தபாலை நம்பி விடவில்லை. மதியப் பஸ்சிலேயே மலையேறி, அந்தப் பக்கம் இருந்த தலைமை அலுவலகத்துக்குப் போய் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்று, புது வரி ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பினேன். படிவத்தில் 'வீட்டில் அழைக்கும் பெயர்' என்று ஒரு கட்டம் வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த அச்சில் அந்தக் கட்டம் இருந்தது.

இரண்டாவது ஏலத்துக்கு அப்பு உள்ளே போனார், லாரிக்குச் சரக்கும் ஏற்றினார். ஏலக் கூடத்தில் அவரை அன்றிலிருந்து முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆத்தா மட்டும் அதற்குப் பிறகும் அப்பு என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பெயரை அன்றைக்கு இரண்டு தடவை சொன்னதோடு சரி.