டெல்மா தேடிய விதைத் துண்டு

டெல்மாவுக்கு யாரையும் கொஞ்சத் தெரியாது. மழைக்காட்டுக்குள் ஓடும் டெய்ன்ட்ரீ ஆற்றுக்கு வடக்கே வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு வருவாள். "ஒரு பாட்டுப் பாடேன்" என்று யாராவது கேட்டால், "பாடணும்னா சம்பளம் வேற" என்பாள். ஆனால் அவள் பார்த்துக்கொண்ட யாருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை.

மழை விடாத ஒரு மார்ச் காலையில் அவள் கிழவர் கிளாரியின் வீட்டுக்குள் நுழைந்தாள். அவர் சமையலறை மேசையில் மூன்று விதைத் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். டெல்மா அவற்றை அவர் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினாள்.

ரிப்பன்வுட் விதை. வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் நிற்கும் மரம். உலகத்திலேயே இந்தச் சில பள்ளத்தாக்குகளில்தான் இருக்கிறது என்று ஆட்கள் வந்து படம் எடுத்துப் போவார்கள். கிளாரிக்கு அது மாட்டைக் கொன்ற மரம். வாலிபத்தில் அவருடைய மாடுகள் அந்த விதையைத் தின்று, வலிப்பு வந்து விழுந்து செத்தன. இப்போது பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு நினைவு வந்து வந்து போகிறது. போன வாரம் சோப்பைக் கடித்திருந்தார்.

"இதை யாரு உள்ள கொண்டுவந்தது?"

அடுப்பருகே நின்ற அவருடைய அக்கா ஐவி திரும்பவில்லை. "வேற யாரு? விடிஞ்சதும் ஓடைக்குப் போயிட்டான். கூப்பிட்டா செவிடன் மாதிரி நடிக்கிறான்."

அந்த விதை ஆரஞ்சுச் சுளை மாதிரி பிரியும். ஒன்றில் மூன்று துண்டு, இன்னொன்றில் நாலோ ஐந்தோ, கணக்கே கிடையாது. டெல்மா மூன்றையும் சேர்த்துப் பார்த்தாள். பக்கத்தில் பெரிய இடைவெளி. ஒரு துண்டைக் காணோம்.

"கிளாரி, இன்னொன்னு எங்க? வாயைத் திறங்க."

"நீ என்ன பல் டாக்டரா?"

"திறங்கன்னேன்."

பல்செட்டைக் கழற்றி, உறை போட்ட விரலால் துழாவினாள். பிஸ்கட் தூள்தான் இருந்தது. விழுங்கியிருந்தால்?

விஷ உதவி எண்ணுக்கு அழைத்தாள். உடம்பு துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், துடித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றாள் எதிர்முனையில் பேசிய பெண். ஜன்னலுக்கு வெளியே, அவள் தாண்டி வந்த ஓடைப் பாலத்தின் மேல் இப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஆம்புலன்ஸும் வர முடியாது.

"அப்படியே லைன்ல இருங்க" என்று டெல்மா போனை மேசையில் வைத்தாள். சட்டைப்பை, செருப்பு, குப்பைக்கூடை, நாற்காலியின் அடி, எல்லாம் பார்த்தாயிற்று. கிளாரியின் முழங்கால் லேசாக ஆடியது. குளிரா, வேறெதுவுமா?

"செத்துடுவானா?" ஐவியின் குரல் இறங்கியிருந்தது.

"முட்டை கருகுது பாருங்க."

அவருடைய ஈரச் சட்டையைக் கழற்றத் தொடங்கினாள். வலது கை வந்துவிட்டது. இடது கை பக்கவாதத்தில் மூடிக்கொண்ட கை. விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக் கிடக்கும். தினமும் விரித்துக் கழுவுகிறவளே அவள்தான். ஆனாலும் இவ்வளவு நேரம் அதை ஒரு கையாகவே அவள் நினைக்கவில்லை.

விரல்களை இழுக்கவில்லை, இழுத்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டை மெல்லக் கீழ்நோக்கி மடக்கினாள். விரல்கள் தளர்ந்தன. உள்ளே நாலாவது துண்டு.

மற்ற மூன்றோடு பொருத்தினாள். இடைவெளி இல்லை, பல் தடமும் இல்லை.

"இதை எதுக்கு இந்தக் கையில திணிச்சீங்க?"

கிளாரி அவளை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மாடு நல்ல கையைத்தானே மோந்து பாக்கும்! இதுல இருந்தா தின்னாது."

ஐவி சிரித்தாள், பிறகு ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டெல்மா போனை எடுத்து, "கிடைச்சிடுச்சு. ஆனா போனை வைக்காதீங்க" என்றாள்.

"ஏன்?" என்றாள் ஐவி.

"இது ஒரு விதைதான். ஓடையில எத்தனை பொறுக்கினாருன்னு யாருக்குத் தெரியும்?"

அவருடைய இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த முழங்கால் மறுபடி ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.