பேசாத இடது கதவு

கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுவதில் அவருக்குப் பத்தொன்பது வருட அனுபவம். ஒற்றை ஷட்டர் கடை. கதவுக்குள் ஒரு கிளிப் கழன்று ஆடினால்கூட, வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சொல்லிவிடுவார். பொறுமைசாலி என்று பெயர். அந்தப் பெயரைக் கெடுக்க வந்தவர் அவருடைய மாமனார்.

மாமனார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். ஸ்பீக்கர் பார்க்கவே மூன்று நாள் போயிற்று. முதல் ஜோடி தகர டப்பாவாம். இரண்டாவதற்கு ஜலதோஷமாம். மூன்றாம் நாள், பின்பக்கம் பொருத்துகிற பெரிய முட்டை வடிவ ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு, இதைத்தான் முன்கதவில் மாட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"மாமா, கதவுல இருக்கறது வட்ட ஓட்டை. இது உள்ள போகாது."

"பெருசாக்குங்க மாப்பிள்ளை. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

ஒருவழியாக வட்டமான ஜோடி ஒன்றுக்குத் தலையசைத்தார். மாட்டி முடித்துப் பாட்டு போட்டதும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முகம் சுளித்தார்.

"இடது பக்கம் பேசலையே."

பேசிக்கொண்டுதான் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கேட்டது, பக்கத்துக் கடை டெய்லருக்கும் கேட்டது. மாமனாருக்கு மட்டும் கேட்கவில்லை. சரி என்று மாப்பிள்ளை கதவின் உள்பலகையைக் கழற்றி வயரைச் சோதித்தார். இடது ஸ்பீக்கரை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினார்.

"இப்பவும் இடதுதான் பேசல. என் காதை ஏமாத்த முடியாது மாப்பிள்ளை."

புது ஜோடி பிரித்து மாட்டினார். அதே கதை. கழற்றிக் கழற்றி இரண்டு கிளிப் உடைந்து, விரல் நகம் ஒன்றும் பெயர்ந்தது. ஸ்க்ரூடிரைவரைப் பெட்டிக்குள் எறிந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"அப்பாகிட்ட சத்தம் போடாதீங்க."

"நான் எங்க சத்தம் போட்டேன்? உங்கப்பாதான் சத்தமே வரலைங்கறார்!"

போனை வைத்தபோதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது.

"மாமா, சீட்டுல முட்டி போட்டு, பின்பக்கம் பார்த்து உட்காருங்க."

"நான் என்ன குழந்தையா?"

"ஒரே ஒரு தடவை."

முனகிக்கொண்டே திரும்பி உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. மாமனார் முகம் வெற்றியில் மலர்ந்தது.

"பாத்தீங்களா! இப்ப இடது கதவு கணீர்னு பேசுது. வலது கதவுதான் செத்துப்...."

வாக்கியம் முடியவில்லை. மெல்லக் கையைத் தூக்கி இடது காதைத் தொட்டார். மாப்பிள்ளை பாட்டை நிறுத்தினார். அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

"போன வாரம் ஒரு பைக்காரனைத் திட்டினேன்" என்றார் மாமனார், சீட்டின் முதுகைப் பார்த்தபடி. "இடது பக்கம் வந்தவன் ஹாரனே அடிக்கலைன்னு. அடிச்சிருப்பான், பாவம்."

பிறகு நேராகத் திரும்பி உட்கார்ந்து, "வீட்ல யாருக்கும் சொல்லாதீங்க" என்றார்.

"சொல்லல. ஆனா நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போறோம். வண்டி நான்தான் ஓட்டுவேன்."

டாக்டர் சோதித்துவிட்டு, இடது காது நரம்பு தளர்ந்துவிட்டது, கருவி வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார். கருவி வைக்கச் சம்மதிக்க வைப்பதற்குள் மாப்பிள்ளைக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்கிடையே, இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து வலது கதவிலேயே முழுப் பாட்டும் கேட்கும்படி செய்து கொடுத்தார். மாமனார், நிறுத்தி வைத்த காருக்குள் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டார்.

கருவி வந்ததும் விஷயம் மகளுக்குத் தெரிந்தது. அப்பாவை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்கிட்ட மறைக்கணும்னு உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?" என்று புருஷனைக் கேட்டுவிட்டு, அவரிடம்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.